புல்தரையில் விழுந்த சொட்டைகள்

நமது சங்க இதழுக்கு ஏதேனும் எழுதித் தருமாறு செயலாளர் நண்பர் என்னைக் கேட்டு ஆறு மாதங்கள் ஆயின. குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் எழுதக் கற்றறிந்த அன்பர்கள் பலர் இருக்கின்றனர். நானோ பத்தாம் வகுப்புத் தேறி, இரயில் பாதை பராமரிக்கும் தொழிலாளியாகச் சேர்ந்து, பின்னர்த் துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனவன். கோப்பில் குறிப்பு எழுதுவதன்றி வேறு எழுத்து அறியேன். ஆயினும், சென்ற 2025-ஆம் ஆண்டில் என் வீட்டு வாசலில் நேர்ந்த ஒன்றைச் சொன்னால், குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் நம்மவர் சிலருக்கேனும் பயன்படும் என்று தோன்றிற்று. அது புல்லைப் பற்றியது.

நாங்கள் இருப்பது கரக்பூரில். உலகத்திலேயே நீளமான நடைமேடை உள்ள ஊர் என்று சிறு வயதில் நாம் மனப்பாடம் செய்த அதே கரக்பூர்தான். 1072 மீட்டர் நடைமேடை இன்றும் இருக்கிறது. பெருமைதான் கோரக்பூருக்குப் போய், பிறகு 2023-இல் 1507 மீட்டரோடு ஹூப்ளிக்குப் போய்விட்டது. ஊரின் மண் செம்மண். கோடையில் செங்கல்லைப் போல் இறுகும். மழையில் காலோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும்.

எங்கள் வீட்டின் முன்னே இருபதடி நீளமும் பதினைந்தடி அகலமும் உள்ள புல்தரை ஒன்று உண்டு. எனக்கு முன் குடியிருந்தவர் போட்டது. வடநாட்டார் தூப் என்றும் வங்காளிகள் துர்பா என்றும் அழைக்கும் அந்தப் புல், நம்முடைய அறுகேயன்றி வேறில்லை. நான் 2021-இல் அந்த வீட்டுக்குக் குடிபோனபோது, பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருந்தது. மாலையில் பணி முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நாலடி நடந்தால், அலுவலகத்தில் கேட்ட சொற்களெல்லாம் மறந்துபோகும்.

2023-இல் என் தந்தையார் காலமானார். மன்னார்குடிக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுதுவந்தவர் அவர். அவர் போன பின்னர், அம்மாவைத் தனியே விட மனமின்றி எங்களோடு அழைத்து வந்தேன். அம்மாவுக்கு வங்காளமும் தெரியாது, இந்தியும் தெரியாது. பகலெல்லாம் நான் அலுவலகத்தில், குழந்தைகள் பள்ளியில், என் மனைவி சமையலறையில். அம்மாவுக்குத் துணை அந்த வாசல்தான். காலையில் தெளித்துக் கோலமிடுவார். படியோரம் அமர்ந்து பாத்திரம் துலக்குவார். வீட்டுக்குள்ளே குழாய் இருக்கிறதே என்றால், “வெளியிலே உட்கார்ந்தால்தான் எனக்குக் கை ஓடும்” என்பார்.

சென்ற ஆண்டு பங்குனியில் புல்தரையில் சொட்டை விழத் தொடங்கிற்று. முதலில் படியருகே முறத்தளவு ஓர் இடம் பழுத்து, வெளுத்து, வைக்கோலாயிற்று. பத்து நாளில் வேலியோரம் ஒன்று. பின்னர் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் தாம்பாளம் போல வட்டமாக ஒன்று. வாயிற்கதவிலிருந்து குழாய்க்குப் போகும் வழியில் ஒரு நீண்ட பட்டை. ஆக நான்கு. சித்திரை பிறப்பதற்குள், தலையில் பூச்சிவெட்டு விழுந்தவன் போல ஆயிற்று வாசல்.

புல் பழுத்தால் சத்துக் குறைவு என்பது நான் எங்கோ கேட்டிருந்த பாடம். கடைக்குப் போய் யூரியா வாங்கி வந்தேன். நூற்றுக்கு நாற்பத்தாறு பங்கு தழைச்சத்து என்று மூட்டையில் அச்சிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நண்பகல் பதினொரு மணிக்கு, வெயில் நாற்பது பாகையை எட்டிக்கொண்டிருந்த வேளையில், நான்கு சொட்டைகளிலும் அவற்றைச் சுற்றிலும் கைநிறைய அள்ளித் தூவினேன். நீரை மாலையில் விட்டுக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சொட்டைகள் இரண்டு மடங்காயின. யூரியா உப்பைப் போன்றது. காய்ந்த மண்ணில் நிறையப் போட்டால் வேரிலும் இலையிலும் உள்ள நீரை வெளியே இழுத்துக் கருக்கிவிடும். நூறு சதுர அடிக்கு நூறு கிராம் போதும். அதையும் ஈர மண்ணில் சாய்ந்த வெயிலில் தூவி, உடனே நன்றாக நீர் விட வேண்டும். இவையெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அன்று தெரிந்ததெல்லாம் கோபம் ஒன்றே.

கோபத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அன்று மாலை அம்மா படியோரம் பாத்திரம் துலக்கி, அந்த நீரை வழக்கம்போல் அருகில் ஊற்றினார். முதற்சொட்டை விழுந்த இடம் அதுவேதான். நான் வாயிற்படியில் நின்றபடி, “அம்மா, நீங்கள் கொட்டும் சோப்பு நீரால்தான் புல்லெல்லாம் செத்துக்கொண்டிருக்கிறது. இது நம் ஊர்க் கொல்லையல்ல, கண்ட இடத்தில் கொட்டுவதற்கு!” என்றேன். பக்கத்து வீட்டார் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் உயர்ந்திருந்தது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாளிலிருந்து அவர் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கோலம் என் மனைவி போட்டாள். பாத்திரம் உள்ளே குழாயடியில் துலக்கப்பட்டது. பின்கட்டு அறையில் சன்னலோரம் அம்மா உட்கார்ந்திருப்பார். கேட்டால், “வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, தம்பி” என்பார். பத்து நாள் கழித்து ஓர் இரவு என் மனைவி சொன்னாள்: “என்னங்க, புல் செத்தால் செத்துவிட்டுப் போகிறது. அத்தை இரண்டு வேளை சாப்பிடுவதே பெரும்பாடாய் இருக்கிறது. அதைப் பார்த்தீர்களா?”

நான் பார்த்திருக்கவில்லை.

எங்கள் அலுவலகத் தோட்டத்தில் ஒரிசா நாட்டு முதியவர் ஒருவர் தோட்டக்காரராக இருந்தார். பணி ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன. வைகாசியில் ஒரு நாள் அவரை வீட்டுக்கு அழைத்து வந்து சொட்டைகளைக் காட்டினேன். யூரியா போட்டதையும் சொன்னேன். சோப்பு நீரைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரித்தார். எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறை இந்தியில், “புல் மேலே சாகிறது, காரணம் கீழே இருக்கிறது. தோண்டிப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “நோயாளியின் வாயைத் திறந்து பாராமலே மருந்து ஊற்றிவிட்டீர்கள்” என்று சொல்லிவிட்டு, நம் களைக்கொத்தைப் போன்ற தம் குர்பியை எடுத்துக் குந்தி உட்கார்ந்தார்.

வேலியோரச் சொட்டையை முதலில் தோண்டினார். காய்ந்த புல்லின் மேல் மெல்லிய மண்பூச்சு ஓடியிருந்தது. ஒரு சாண் ஆழத்தில், பழைய வேலிக்கம்பம் ஒன்றின் அடிக்கட்டை மக்கிக் கிடந்தது. அதைப் புரட்டினால் கறையான் கூட்டம். கட்டையைத் தின்று, அங்கிருந்து புல்லுக்கும் ஏறியிருக்கிறது. கட்டையைத் துண்டு விடாமல் எடுத்து எறிந்தார். மண்ணைக் கிளறி வெயிலில் ஆறப் போடச் சொன்னார். “உணவு போய்விட்டால் விருந்தாளியும் போய்விடுவான்” என்றார்.

மோட்டார் சைக்கிள் நிற்குமிடத்து மண்ணை ஒரு பிடி அள்ளி என் மூக்கருகே நீட்டினார். பெட்ரோலும் எஞ்சின் எண்ணெயும் கலந்த நாற்றம். சொட்டுச் சொட்டாக ஓராண்டாய் ஒழுகியிருக்கிறது. எண்ணெய் ஊறிய மண்ணுக்கு மருந்தில்லை. ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டியெடுத்துவிட்டு வேறு மண் நிரப்ப வேண்டும், வண்டியையும் வேறிடத்தில் நிறுத்த வேண்டும் என்றார்.

குழாய்க்குப் போகும் நீண்ட பட்டையில் குர்பி இறங்கவே இல்லை. நாள்தோறும் நாங்கள் அனைவரும் குறுக்கே நடந்து மிதித்து, மண் கல்லாய் இறுகியிருந்தது. காற்றும் நீரும் புகாத மண்ணில் வேர் எங்ஙனம் இறங்கும்? “இது நோயல்ல, பாதை. மனிதர் காலுக்கு வழி மாற்றிச் சொல்ல முடியாது. தட்டைக் கற்களை ஓரடி இடைவெளியில் பதித்துவிடுங்கள். இடையில் புல் தானே வரும்” என்றார்.

கடைசியாகப் படியோரம் வந்தார். நான்கு விரல் ஆழம் போயிருக்காது. குர்பி ‘ணங்’ என்றது. மண்ணை விலக்கினார். செங்கல் துண்டு. அதன் கீழே இன்னொன்று. அப்புறம் சுண்ணாம்புக் காரைக் கட்டிகள், சிமெண்டுப் பாளங்கள். மூன்று கூடை வந்தன.

எனக்கு உடனே நினைவு வந்துவிட்டது. அதற்கு முந்தின ஆண்டு ஆடி மாதத்தில் தாழ்வாரத்துத் தளத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டார்கள். வேலைக்காரர்கள், “இந்தக் கழிவை வண்டியில் ஏற்றி வெளியே கொட்டட்டுமா?” என்று கேட்டார்கள். வண்டிக்கூலி எதற்கு என்று எண்ணிய நான்தான், “படியோரம் ஒரு குழி தோண்டிப் புதைத்து, மேலே மண் போட்டு மூடிவிடுங்கள்” என்றேன். பெயர்த்த புல்லை அதன் மேல் வைத்தார்கள். மழைக்காலமாகையால் புல் பிழைத்துக்கொண்டது; பனிக்காலத்திலும் ஓரளவு தாங்கிற்று. வெயில் ஏறியதும் நான்கு விரல் மண்ணில் எவ்வளவு ஈரம் நிற்கும்? கீழே செங்கல் சூடேற, மேலே புல் வெந்துவிட்டது.

“உங்கள் அம்மா ஊற்றிய நீர்தான் இதை இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறது, பாபு” என்றார் தோட்டக்காரர். அதை அவர் தம் தொழிலறிவால் சொன்னார். எனக்கோ நிற்க முடியவில்லை.

அன்றிரவு அம்மாவிடம் பேச வேண்டும் என்று மூன்று முறை பின்கட்டு வரை போய்த் திரும்பினேன். அலுவலகத்தில் தவறிழைத்தால் விளக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம். தாயிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நம் குடும்பங்களில் ஏது? மறுநாட் காலையில் அந்தச் செங்கல் துண்டுகளில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். “அம்மா, படியோரம் புல் செத்ததற்கு இதுதான் காரணம். நான்தான் புதைக்கச் சொன்னேன். உங்களைச் சொன்னது தப்பு” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிட்டது.

அம்மா செங்கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தார். குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “மழை எப்போது இறங்கும்?” என்று கேட்டார். இங்கே ஆனி பிறக்கும் சமயத்தில் இறங்கும் என்றேன். “அதற்குள் மண்ணைத் தயார் செய்துவை” என்றார்.

தோட்டக்காரர் சொன்னபடி செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு ஒரு பங்கு கலந்தேன். படியோரக் குழியை ஓரடி ஆழம் வரை சுத்தமாக்கி நிரப்பி, நீர் விட்டு, மிதித்து, மறுபடியும் நிரப்பினேன். புதுமண் படிந்து தாழும்; ஆகையால் சுற்றுத் தரையைவிட ஒரு விரற்கடை உயர்வாக விடவேண்டும்.

முதல் மழை ஓய்ந்த மறுநாள் காலை அம்மா ஒரு கூடையோடு இறங்கினார். செங்கல் நடையின் மேல் வரம்பு மீறி ஓடிவந்திருந்த அறுகங்கொடிகளையெல்லாம் அறுத்தெடுத்தார். ஈரச் சாக்கில் சுற்றினார். எனக்குச் சொல்லிக் கொடுத்தார்: “இதோ பார், கணுக் கணுவாக இருக்கிறதே, ஒவ்வொரு கணுவிலும் வேர் இருக்கிறது. இரண்டு கணு மண்ணுக்குள்ளே போகட்டும், ஒரு கணு வெளியே தெரியட்டும். நாலு விரலுக்கு ஒன்று வை. நெருக்கி வைக்காதே, அது தானே ஓடிப் பிடித்துக்கொள்ளும்.”

சிறிது நேரம் கழித்துத் தமக்குத் தாமே சிரித்துக்கொண்டார். “ஆயுள் முழுக்க வயலுக்கு வயல் இதைத்தான் பிடுங்கி எறிந்தேன். எத்தனை பிடுங்கினாலும் ஒரு துண்டு மண்ணில் தங்கினால் போதும், மறுபடியும் எழுந்து நிற்கும். உன் அப்பா திட்டாத நாள் இல்லை இதை. இப்போது நீ காசு கொடுத்து எரு வாங்கிப் போட்டு நடுகிறாயே!” என்றார். அப்பா இறந்த பின்னர், அவரைப் பற்றி அம்மா சிரித்துக்கொண்டு பேசியதை அன்றுதான் கேட்டேன்.

நான் குந்தி உட்கார்ந்து நட்டேன். அம்மாவோ நாற்று நடுவதைப் போலவே இடுப்பை வளைத்து, பின்னோக்கி நகர்ந்துகொண்டே நட்டார். அறுபத்திரண்டு வயது. நான் ஒரு சொட்டையை முடிப்பதற்குள் அவர் இரண்டை முடித்துவிட்டார்.

பத்து நாள், மழையில்லாத வேளையில் காலையும் மாலையும் பூவாளியால் நீர் தெளித்தோம். குழந்தைகள் மிதிக்காதபடி கயிறு கட்டினோம். மூன்றாம் வாரம் கணுக்கள் துளிர்த்துக் கொடி ஓடத் தொடங்கிற்று. கோரை முளைத்தால் கிழங்கோடு எடுத்துவிடும் வேலையை அம்மா வேறொருவருக்கும் விடவில்லை. நாற்பது நாள் சென்று புல் மூன்று விரல் உயரம் வந்ததும் முதன்முறை கத்தரித்தோம். அதுவும் நுனியை மட்டுமே. அடியோடு வெட்டினால் இளவேர் தளர்ந்துபோகும். ஆவணியில் விநாயகர் சதுர்த்தி வந்தபோது, சொட்டை எங்கே இருந்தது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பிள்ளையாருக்கான அறுகை அம்மா அங்கிருந்தே பறித்தார்.

இதில் நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. பக்கத்து வீட்டில் ஒரு வங்காள மூதாட்டியார் இருக்கிறார். துர்க்கை பூசைக்குச் சில நாள் முன்பு அவர் வேலியருகே வந்து நின்று, “துர்பா, துர்பா” என்று புல்லைக் காட்டினார். அம்மா புரிந்துகொண்டு, மூன்று இலை விரிந்த நுனிகளாகத் தேர்ந்து ஒரு பிடி பறித்துக் கொடுத்தார். பதிலுக்கு அந்த அம்மையார் ஒரு கிண்ணத்தில் நெல்லைக் காட்டி, அறுகோடு சேர்த்துத் தலையில் இடுவதுபோல் சைகை செய்தார். வங்காளத்தில் திருமணத்திலும் பிற மங்கல நாட்களிலும் பெரியோர் நெல்லும் அறுகும் தலையிலிட்டு வாழ்த்துவது வழக்கம். அம்மா வியப்போடு என்னிடம் திரும்பி, “இது நம் அறுகரிசியேதான், தம்பி!” என்றார். நம் பக்கத்தில் மணமக்களுக்கு அறுகும் அரிசியும் தூவி வாழ்த்துகிறோம் அல்லவா? இங்கே அரிசிக்குப் பதில் நெல், அவ்வளவே வேறுபாடு. அன்று முதல் அவ்விரு மூதாட்டியரும் மாலைதோறும் வேலியின் இருபுறமும் அமர்ந்து பேசுகிறார்கள். ஒருவர் பேசுவது தமிழ். மற்றவர் பேசுவது வங்காளம். எப்படிப் புரிகிறது என்று நான் கேட்பதில்லை.

“இந்த வீடு நமக்குச் சொந்தமா? மாற்றல் உத்தரவு வந்தால் அடுத்த வாரமே காலி செய்ய வேண்டும். அதற்கு இவ்வளவு பாடா?” என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கு முன்னிருந்தவர் இப்படி எண்ணியிருந்தால் எனக்கு அந்தப் பச்சை கிடைத்திராது. எனக்குப் பின் வருபவர் யாரோ, எந்த மொழியினரோ, அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நாலடி நடக்கட்டும். ஆனால் அவருக்காக மட்டும் நான் அதைச் செய்ததாகச் சொன்னால் அது பொய்.

ஒன்று மட்டும் இன்னும் சரியாகவில்லை. அம்மா இப்போது மீண்டும் வாசலில்தான் பாத்திரம் துலக்குகிறார். ஆனால் அந்த நீரைப் படியோரம் ஊற்றுவதில்லை. கனத்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்புறம் போய் வாழைக்கு ஊற்றிவிட்டு வருகிறார். “இங்கேயே ஊற்றுங்கள் அம்மா, புல்லுக்கு ஒன்றும் ஆகாது” என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். “இருக்கட்டும், தம்பி. வாழைக்கும் நீர் வேண்டாமா?” என்கிறார்.

ஆகவே அன்பர்களே, உங்கள் வாசற்புல்லில் சொட்டை விழுந்தால் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். தோண்டிப் பார்த்து முடிக்கும் வரை, வீட்டில் யாரையும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.